அவளுக்கு யார் சொன்னார்கள்? அரண்மனைப் பெண்களின் கதை எழுத வருகிறவர்களுக்கு

நான் எழுதிய முதல் சரித்திரக் கதையில் ஒரு பாளையக்காரர் போரில் விழுவார். அடுத்த பத்தியிலேயே அவர் மனைவி அந்தப்புரத்தில் மயங்கி விழுவாள். அதை ஊரில் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியம்மாவைப் பெற்றவர் ஒரு ஜமீன் வீட்டு அடுப்படியில் வேலை பார்த்தவர். கடைசி வரை கேட்டுவிட்டு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அவளுக்கு யாருட்டி சொன்னா?”

என்னிடம் பதில் இல்லை. போர்க்களம் எங்கேயோ இருக்கிறது, அரண்மனை எங்கேயோ இருக்கிறது. ராணிக்குத் தெரிவதற்கு முன்னால் யார் யாருக்கெல்லாம் தெரிந்திருக்கும்? மைத்துனருக்கு முதலில் தெரிந்திருந்தால் கருவூலச் சாவி இந்நேரம் யார் இடுப்பில் இருக்கும்? அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அரண்மனைக்குள் ஒரு பெண் பிழைத்துக் கிடப்பதும் அழிந்துபோவதும், செய்தி எந்தக் கதவு வழியாக, எத்தனை நாழிகை முன்பின்னாக அவள் காதுக்கு வருகிறது என்பதைப் பொறுத்த விஷயம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. நம் திருநெல்வேலிச் சீமையை வைத்து எழுத வருகிறவர்களுக்கு, நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

“முன்னொரு காலத்தில்” என்று தொடங்கினால் பத்துப் பக்கத்துக்குள் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டு வேண்டும். நம் சீமையில் நாலு வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது பாண்டியர் கால காயல். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்றைக்குப் பழையகாயல் என்று சின்ன ஊராகக் கிடக்கிறதே, அது 1290-களில் அரேபியக் குதிரைகள் வந்து இறங்கிய பெரிய துறைமுகம். மார்க்கோ போலோ அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் வந்து போனவர். அண்ணன் தம்பி ஐந்து பேர் அரசர்கள், காயல் மூத்தவருக்கு உரியது என்று எழுதுகிறார். அவர்களுக்குள் சண்டை மூளும்போதெல்லாம் அவர்களைப் பெற்ற தாய் நடுவில் வந்து நிற்பாளாம். கையில் கத்தியை எடுத்து, உங்களுக்குப் பாலூட்டிய முலையை அறுத்துக்கொள்வேன் என்பாளாம். மகன்கள் அடங்கிப் போவார்களாம். இந்தக் கிழவி போன பிறகு இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வது நிச்சயம் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். அவள் பெயரை மட்டும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1310 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியனை அவன் மகன் சுந்தர பாண்டியனே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதுகிறார். காரணம், ஆசைநாயகியின் மகனான வீர பாண்டியனுக்கு அப்பா முன்னுரிமை கொடுத்தது. மறு வருஷமே டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படை வந்துவிட்டது. சுந்தரனைப் பெற்றவள் ஒரு கட்டிலும் வீரனைப் பெற்றவள் ஒரு கட்டிலும் ஒரே கூரையின் கீழ் எத்தனை வருஷம் படுத்திருப்பார்கள்? இதை யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் காலம் வேண்டாம் என்பேன். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வாசல் தென்காசிப் பாண்டியர்கள். 1446-இல் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியதிலிருந்து, கவி எழுதிய அதிவீரராமன் வரைக்கும். பேரரசு சுருங்கிச் சுருங்கி ஒரு மலையடிவாரத்துக்கு வந்துவிட்ட அரச குடும்பம் அது. பெருமை பெரியது, வரும்படி சின்னது. அப்படிப்பட்ட வீட்டில் மருமகளாக இருப்பது எவ்வளவு பாடு என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மதுரை நாயக்கர் ஆட்சியில் தொடங்கி 1801 வரையிலான பாளையங்கள். நாலாவது, 1803-இல் நிலவரித் தீர்வு நிரந்தரமாகிப் பாளையங்கள் ஜமீன்களாக மாறியதிலிருந்து, 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரை. முதல் கதைக்கு இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் இருக்கிறது, கிழக்கிந்தியக் கும்பினிக் கடிதங்கள் இருக்கின்றன, எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக இன்னும் நினைவு வைத்திருக்கிற பாட்டிகள் இருக்கிறார்கள்.

எந்த வீடு?

எல்லாப் பாளையமும் ஒன்று போலத்தானே என்று நினைத்து நான் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம் இது. கிழக்கே கரிசல் காட்டில் இருந்த பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் போன்றவை தெலுங்கு பேசும் நாயக்கர் வீடுகள். ஜக்கம்மா அவர்கள் தெய்வம். மேற்கே மலையோரத்தில் சிவகிரி, ஊற்றுமலை, சொக்கம்பட்டி, சிங்கம்பட்டி, நெற்கட்டும்செவல் எல்லாம் மறவர் பாளையங்கள். அங்கே ராணிக்கு நாச்சியார் என்று பேர். இந்த வேறுபாட்டைக் கதைக்குள் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. கிழக்குப் பாளையத்து ராணி தன் தாதியோடு தெலுங்கில் பேசுவாள், கச்சேரியில், அதாவது நிர்வாகம் நடக்கிற இடத்தில், இருக்கிற தமிழ்க் கணக்குப் பிள்ளைக்கு அது விளங்கலாம், விளங்காமலும் போகலாம். விளங்காத மாதிரி நடிக்கவும் செய்யலாம். ஒரு ரகசியம் கசிவதற்கு இதைவிட நல்ல ஓட்டை எங்கே கிடைக்கும்?

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். திருவிதாங்கூரில் மருமக்கள் வழி. ராஜாவுக்கு அடுத்து அவர் சகோதரியின் மகன். அங்கே ராஜாவின் மனைவி பெற்ற பிள்ளைக்குப் பட்டம் கிடையாது, அதனால் மனைவியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. எல்லாக் கண்ணும் சகோதரி வயிற்றின் மேல்தான். இந்தப் பக்கம் மக்கள் வழி. மகன் பெறாத மூத்தவள், மகன் பெற்ற இளையவள், நிலத்தின் மேல் கண் வைத்த கொழுந்தன், தத்து எடுக்கக் கொண்டுவந்த பையன், இந்த நாலு பேரும் ஒரே முற்றத்தில் நடமாடுவார்கள். உங்கள் கதாநாயகி இதில் யார் என்று முடிவு செய்துவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: அவள் கணவன் இன்றிரவு இறந்தால் நாளைக் காலையில் அவள் இல்லாமல் போவதால் யாருக்கு லாபம்? பதில் வரவில்லை என்றால் வீட்டைத் தப்பாகப் பிடித்துவிட்டீர்கள், திரும்பிப் போய் வேறு வீடு பாருங்கள்.

இன்னொன்று. உண்மையான பாளையத்து ராணி ஒருத்தியின் பெயரை வைத்து அவள் விஷம் வைத்தாள், சோரம் போனாள் என்று எழுதாதீர்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் நம் மத்தியில் இருக்கின்றன, கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டிவரும். இரண்டு உண்மையான பாளையங்களுக்கு நடுவில் ஒரு கற்பனைப் பாளையத்தைச் செருகிக்கொள்ளுங்கள். கப்பம் வாங்க வருகிறவனும் கலெக்டரும் மழையும் நிஜமாக இருக்கட்டும்.

கதவுகளை வரையுங்கள்

வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கோடு போட்டால் போதும். பெண்கள் கட்டு எங்கே, அடுப்படி எங்கே, கிணறு எங்கே, கச்சேரிக்கும் உள்கட்டுக்கும் நடுவில் எத்தனை கதவு, எந்தக் கதவுக்கு எந்தப் பக்கத்தில் தாழ்ப்பாள். கடைசிக் கேள்வி முக்கியம். தாழ்ப்பாள் உட்பக்கம் இருந்தால் அந்தக் கதவு அவளுக்குக் காவல். வெளிப்பக்கம் இருந்தால் அவளுக்குச் சிறை.

இதைக் கற்பனையில் வரைய முடியவில்லை என்றால் நாகர்கோவில் வழியாக ஒரு நடை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள். நவராத்திரி மண்டபத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் ஆட்டம் பார்ப்பதற்கென்று மரத்தால் மறைத்த அறை ஒன்று உண்டு. சின்னச் சின்னத் துளைகள் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அங்கே கால் மணி நேரம் நில்லுங்கள். முழு மேடையும் தெரியாது. ஒரு கை தெரியும், ஒரு முகத்தின் பாதி தெரியும். ராணிமார்களுக்கு உலகமே இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தபோது என் இரண்டாவது கதையின் நடையே மாறியது.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் பார்க்கிற கோட்டை 1974-இல் நினைவுக்காகக் கட்டியது. கட்டபொம்மன் இருந்த கோட்டை மண்கோட்டை. 1799-இல் அதை இடித்தார்கள், தம்பி ஊமைத்துரை மறுபடி கட்டியதையும் 1801-இல் கும்பினிப் படை பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. எனவே உயர்ந்த கல் மாடத்தில் நின்று ராணி கண்ணீர் விடுகிற காட்சி வேண்டாம். மண்சுவர், ஓலையும் மரமும், வெயில், புழுதி. அந்த வெயிலில் பெண்கள் கட்டில் காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அந்த ஊர் ஆட்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பாளையங்கோட்டையில் மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்கிற கட்டிடம் பழைய கோட்டையின் மிச்சம். அதையும் ஒரு நடை பார்த்துவிடலாம்.

உடைக்கும் நகைக்கும் கிருஷ்ணாபுரம் கோயில். குறவன் ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சிற்பத்தின் முன்னால் எல்லோரும் அவன் விலா எலும்பைப் பார்த்து வியப்பார்கள். நீங்கள் அவள் காதையும் கொண்டையையும் பாருங்கள்.

யார் வந்து போகிறார்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர். உங்கள் நாச்சியார் வெளியே போக முடியாது. போனாலும் மூடுபல்லக்கில். ஆகவே வெளியிலிருந்து அவளிடம் வருகிறவர்களின் பட்டியல்தான் அவளுடைய சேனை. நான் வைத்திருக்கிற பட்டியலைச் சொல்கிறேன்.

வண்ணாத்தி. வெளியாட்களில் இவளைவிட அதிகம் தெரிந்தவள் அரண்மனையில் கிடையாது. வீட்டு விலக்காகும் நாட்களில் மாற்றுத் துணி கொடுப்பவள் அவள்தான். எந்த மாதம் மாற்று கேட்டு ஆள் வரவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். வாரிசுக்காக ஒரு சீமையே காத்துக்கிடக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய செய்தி! பாளையத்தின் மந்திரியான தானாபதிக்குத் தெரிவதற்கு முன், சில சமயம் கணவனுக்கே தெரிவதற்கு முன், ஆற்றங்கரைத் துறையில் தெரிந்துவிடும். கணவனை இழந்த ஒருத்தி, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொல்லி நாலு மாதம் தவணை வாங்கப் பார்க்கிறாள் என்று வையுங்கள். ஊரை ஏமாற்றிவிடலாம், கலெக்டரை ஏமாற்றிவிடலாம். வண்ணாத்தியை எப்படி ஏமாற்றுவது? என் கதையில் இப்படி எழுதினேன்:

“நாச்சியார், வண்ணாத்தி வந்து நிக்கா.”

“துணி இல்லைன்னு சொல்லு.”

“நேத்தும் அதைத்தான் சொன்னேன்.”

“இன்னைக்கும் சொல்லு.”

நாலே வரி. இதற்கு முன் நான் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத் தவிப்பைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்து மருத்துவச்சி. பிறந்தது ஆணா பெண்ணா, உயிரோடு பிறந்ததா என்று முதலில் பார்க்கிற கண் அவளுடையது. அவளுக்கு யார் நெல் அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வளையல்காரர். உறவில்லாத ஆண் ஒருவன் அரண்மனைப் பெண்ணின் கையைப் பிடிக்க முடிகிற ஒரே தொழில். வளைகாப்புக்குக் கட்டாயம் வர வேண்டும். கையைப் பிடித்து வளையலை ஏற்றுகிற நேரத்தில் தலை குனிந்திருக்கும், பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது.

குறி சொல்ல வருகிற குறத்தி. குறவஞ்சி நூல்கள் எல்லாவற்றிலும் அவள்தான் தலைவியின் மனதில் இருப்பதை உடைத்துச் சொல்கிறவள். ஊர் ஊராகப் போகிறவள், மலைச் செய்தியும் கடற்கரைச் செய்தியும் அவள் கூடையில் இருக்கும். எதிரி வீட்டில் நேற்று குறி சொல்லிவிட்டு இன்றைக்கு இங்கே வந்திருக்கலாம்.

பிறந்த வீட்டுச் சீர். பொங்கல்படி கொண்டு வருகிறவர்களைத் தடுக்க எந்தக் கொழுந்தனாலும் முடியாது, ஊர் சிரிக்கும். கரும்பும் மஞ்சள் குலையும் பானையும் சுமந்து வருகிற ஆறு பேரில் ஒருத்தன் அண்ணன் அனுப்பிய ஆளாக இருக்கட்டும். ஒரு வருஷம் சீர் வரவில்லை என்றால் அதுவே ஒரு செய்தி: உனக்குப் பின்னால் இனி ஆள் இல்லை.

பூக்காரி, வெற்றிலைப் பெட்டி சுமக்கிற அடைப்பக்காரன், தண்ணீர் சுமக்கிறவள் இப்படி இன்னும் நீட்டலாம். ஒரு கதைக்கு மூன்று பேர் போதும். மூன்று பேரில் ஒருத்தர் இரண்டு பக்கமும் கூலி வாங்கட்டும். ஒருத்தருக்கு, தான் செய்தி சுமக்கிறோம் என்பதே தெரியாமல் இருக்கட்டும்.

அவள் கையில் என்ன இருக்கிறது?

சீதன நகை, சீதன நிலம், சாவிக்கொத்து, பிறந்த வீடு. இவ்வளவுதான் முதல். இதில் நகை சீக்கிரம் கரையும், நிலத்தைக் கொழுந்தன் உழுதுவிடுவான். தாய்மாமன் உறவுதான் கடைசி வரை நிற்கும். பிள்ளைக்குக் காது குத்துவதிலிருந்து பட்டம் கட்டுவது வரைக்கும் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும். ஆகையால் அவள் அண்ணன் பலசாலியா, எத்தனை நாள் நடை தூரத்தில் இருக்கிறான், அவன் மனைவிக்கு நம் நாச்சியாரைப் பிடிக்குமா என்று யோசியுங்கள். கடைசிக் கேள்வியைச் சரித்திர நாவல்காரர்கள் யாரும் கேட்பதில்லை. எத்தனை படை வராமல் போனதற்கு அண்ணிமார் காரணமோ!

நேரக்கணக்கு

ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். மாட்டு வண்டி ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் போனால் பெரிது. ஓட்டமும் நடையுமாகப் போகிற ஆள் அதைவிட வேகம். 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரை இருந்த பாளையங்கோட்டைச் சிறை அங்கிருந்து ஒரு பகல் நடைக்குள் இருக்கிறது. செய்தி அன்று மாலையே போயிருக்குமா, மறுநாள் விடியலிலா? ஐப்பசி, மழை தொடங்குகிற மாதம். ஓடைகளில் தண்ணீர் வந்துவிட்டால் கணக்கு தப்பும். இப்படி ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தாளில் நேரம் போடுங்கள்: எப்போது நடந்தது, யாருக்கு எப்போது தெரிந்தது. என் அனுபவத்தில், கதையின் திருப்பங்களை நான் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தத் தாளே கொடுத்துவிடும்.

அந்நாளில் நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டுதான் வழக்கம். ஆவணி பிறந்த பிறகு என்றால் ஆங்கில ஆண்டில் 824-ஐக் கழியுங்கள், அதற்கு முன் என்றால் 825. கட்டபொம்மன் இறந்தது கொல்லம் 975. கடிதத்தையும் ஓலையையும் கதையில் காட்டும்போது இப்படித் தேதி போட்டால் ஒரு மணம் வரும்.

சாப்பாட்டில் ஜாக்கிரதை. பாண்டியர் காலத்தில் மிளகாய் கிடையாது, போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான். மிளகுதான் காரம். 18-ஆம் நூற்றாண்டு நாச்சியார் காபி குடிக்க மாட்டாள், தக்காளி ரசம் சாப்பிட மாட்டாள், நெல்லை அல்வாவும் அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அல்வாவை வைத்து நான் ஒரு உருக்கமான காட்சியே எழுதியிருந்தேன். போகட்டும்.

ஆபத்து எப்படி வரும்

விஷக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். நாலு பக்கத்துக்கு ஒருதரம் பாலில் விஷம் கலந்தால் வாசகர் பூனையைத் தேடத் தொடங்கிவிடுவார். நிஜமான ஆபத்து மெதுவாக வரும். தாதியை மாற்றுவார்கள். சீர் கொண்டு வந்தவர்களை வாசலிலேயே சாப்பிட வைத்து அனுப்புவார்கள். அவளைக் கேட்காமல் அடுப்படிக்கு அரிசி அளப்பார்கள். அவளோடு பேசுகிற அதிகாரி ஒருவரைச் சேர்த்து வதந்தி கிளம்பும். ராணி மங்கம்மாள் 1689 முதல் பேரனுக்காக மதுரைச் சீமையை ஆண்டவர், நம் பக்கத்துப் பழைய பாதைகளுக்கு இன்னும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரையே கடைசியில் அடைத்து வைத்து, சோற்று வாசம் படும் தூரத்தில் பட்டினி போட்டார்கள் என்று வாய்மொழிக் கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லி வந்த பெண்களுக்கு அரண்மனை எப்படிக் கொல்லும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவருக்குப் பிறகு வந்த ராணி மீனாட்சியின் கதை இன்னும் கொடுமை. 1732-இல் கணவன் போனபின் ஒரு பையனைத் தத்தெடுத்து ஆண்டார். பையனின் அப்பாவே எதிராளியானார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் உதவுவதாகக் குர்ஆன் மேல் சத்தியம் செய்தார், உள்ளே வந்தபின் மீறினார், ராணி நஞ்சுண்டு இறந்தார். இங்கே கவனிக்க வேண்டியது சத்தியம். படைபலம் இல்லாதவளுக்குச் சத்தியத்தை நம்புவதைத் தவிர வழி கிடையாது. உங்கள் நாச்சியார் யார் சத்தியத்தை நம்பினாள், ஏன் நம்பினாள் என்று ஒரு அத்தியாயம் எழுதலாம்.

பிழைத்துக் கிடப்பதற்கு ஒரு உதாரணம் வேண்டுமா? பக்கத்துச் சீமையில் வேலு நாச்சியார். 1772-இல் காளையார்கோவிலில் கணவன் கொல்லப்பட்டபின் மகளோடு விருப்பாட்சிக்குப் போனவர் 1780-இல் திரும்பி வந்தார். எல்லோரும் திரும்பி வந்த போரை எழுதுகிறார்கள். நடுவில் எட்டு வருஷம் இன்னொருத்தர் வீட்டுச் சோற்றில் இருந்தாரே, அதை எழுதுங்கள் என்பேன்.

இன்னொரு சம்பவம். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின், பிணங்களுக்கு நடுவில் ஒரு தாய் தன் மகனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான் மகன். சாமி என்றால் ஊமைத்துரை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது அவர் மேல் துணியைப் போர்த்தி, அம்மை போட்டுச் செத்துப் போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள். எதிர்த்துப் போர் செய்த வெல்ஷ் என்கிற வெள்ளைக்கார அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார். ஒப்பாரிப் பாட்டு ஒரு படையைத் துரத்திய கதை இது. நம் பெண்களுக்கு என்ன தெரியுமோ அதைக் கொண்டே அவர்கள் தப்பிக்க வேண்டும். வாள்வீச்சு தெரிந்த ராணி எழுதுவதற்குச் சுலபம். ஒப்பாரி தெரிந்த ராணியை எழுதிப் பாருங்கள்.

ஜமீன் காலத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஆபத்து வக்கீல் உருவில் வரும். பிள்ளை இல்லாத ஜமீன் விதவைக்குத் தத்து எடுக்க உரிமை உண்டா என்ற ராமநாதபுரம் வழக்கு கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், கணவன் அனுமதி தராவிட்டாலும் பங்காளிகள் சம்மதம் இருந்தால் போதும் என்று 1868-இல் ராணி பர்வதவர்த்தினி பக்கம் தீர்ந்தது. சிவகங்கைக் காத்தம நாச்சியார் ஜமீனுக்காகப் பல்லாண்டு வழக்காடி 1863-இல் அங்கேயே ஜெயித்தார். கோஷாவில், அதாவது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், இருக்கிற பெண் கோர்ட்டுக்குப் போக முடியாது. திரைக்குப் பின்னாலிருந்து சாட்சி சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் இருப்பது அவள்தானா என்று யார் உறுதி சொல்வது? இந்தக் கேள்வியில் ஒரு முழு நாவல் ஒளிந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு

“தேவி! தங்கள் ஆணை என் சிரமேற்கொண்டேன்!” என்று தாதி பேசினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். செந்தமிழ் கச்சேரியில் இருக்கட்டும், உள்கட்டில் வேண்டாம். நாச்சியாருக்குத் தாதி “அவுக வந்துட்டாக” என்று சொல்லட்டும். கணவன் பெயரை நாச்சியார் வாயால் சொல்ல மாட்டாள், குடிகளுக்கு அவர் சாமி, மகராசா. சக்களத்திகள் சண்டைக்கு முக்கூடற் பள்ளு படியுங்கள். பள்ளன் ஒருவனின் இரண்டு மனைவிகளான சீவலப்பேரிப் பக்கத்து மூத்த பள்ளியும் மருதூர் இளைய பள்ளியும் ஒருத்தி சாமியை இன்னொருத்தி இழுத்துப் பேசுகிற பேச்சு, முந்நூறு வருஷம் போயும் சூடு ஆறாமல் இருக்கிறது. வயல்காட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதை அரண்மனைப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகச் சொல்வார்கள். “அக்கா நேத்து ராத்திரி நல்லா உறங்கினீங்களா?” என்று இளையவள் கேட்டால் போதும், கணவன் நேற்று எங்கே இருந்தார் என்று மூத்தவளுக்குத் தெரியும்.

வில்லுப்பாட்டும் கேளுங்கள். வள்ளியூரை ஆண்ட ஐந்து ராஜாக்கள் கதையில் கன்னடிய ராஜா மகள் குலசேகரன் மேல் ஆசைப்பட்டதால் ஒரு போரே மூள்கிறது. கோயில் கொடை நடக்கிற இரவில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் அதன் மூச்சு பிடிபடும். தீப்பாய்ந்த அம்மன் என்று ஒரு பீடம் கண்ணில் பட்டால் நின்று விசாரியுங்கள். அங்கே ஒருத்தி இருந்திருக்கிறாள்.

முதல் பத்துப் பக்கம்

இவ்வளவும் சேர்த்த பிறகு பெரிய நாவலில் இறங்காதீர்கள். ஒரே ஒரு செய்தி, ஒரே ஒரு இரவு. செய்தி கோட்டை வாசலுக்கு வந்ததிலிருந்து நாச்சியார் காதுக்குப் போகிற வரை பத்துப் பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு கதவிலும் யாரோ ஒருவர் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தட்டும், அல்லது கொஞ்சம் மாற்றட்டும். எழுதியதும் வயதில் மூத்த பெண் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். எழுத்தாள நண்பர்கள் நடையைத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது கதையை நான் பெரியம்மாவிடம்தான் கொண்டுபோனேன். அதில் தண்ணீர் சுமக்கிற ஒருத்தி குடத்துக்குள் சாவியைப் போட்டு மூன்று கதவு தாண்டி நாச்சியாரிடம் சேர்ப்பாள். நாச்சியார் பிழைத்துக்கொள்வாள், பையனுக்குப் பட்டம் கட்டுவார்கள். வாசித்து முடித்துவிட்டு, இந்தத் தடவை கேள்வி வராது என்று நிமிர்ந்தேன்.

“அந்தத் தண்ணிக்காரி என்னட்டி ஆனா?” என்றார் பெரியம்மா.

அன்றிரவு உட்கார்ந்து இன்னும் நாலு பக்கம் எழுதினேன்.